பட்டியலில் எழுதாமல் விட்ட கடன்

கேட்டவர் கோவைக்காரர், வயது 38. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 72,000 ரூபாய். திருமணமாகி 11 ஆண்டு. குழந்தை பிறக்கும் முன்பே மனைவி வேலையை விட்டுவிட்டார், 9 ஆண்டாகச் சொந்த வருமானம் இல்லை. மகளுக்கு 8 வயது. பிரிவது என்று இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். நான்கு மாதமாக இவர் அம்மா வீட்டில், மனைவியும் மகளும் ஃபிளாட்டில். வீட்டுக் கடன் பாக்கி 21 லட்சம் (தவணை 20,700), பர்சனல் லோன் 4.2 லட்சம் (தவணை 14,400), இரண்டு கிரெடிட் கார்டில் 2.6 லட்சம், நகைக் கடன் 3 லட்சம். “முதலில் கடனை முடிக்கவா, முதலில் பிரியவா? தவணையெல்லாம் போக மாதம் 8,000 கொடுத்தால் போதுமா?” என்பது கேள்வி.

தம்பி, நான் வங்கியில் கடன் பிரிவில் 29 வருஷம் இருந்தவன். வக்கீல் அல்ல. சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். கணக்கு பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடன் பட்டியலை மேலே எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் போகிற போக்கில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். அடகில் இருக்கும் 11 பவுனும் மனைவியின் நகை. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது மாமனார் 2 லட்சம் கொடுத்தார், “ஆனால் அது கடன் இல்லை”. மனைவி பெயரில் மகளிர் குழுவில் 40,000 பாக்கி இருக்கிறது, மாதம் 2,250 போகிறது, “அது அவள் வாங்கியது”. என்னைக் கேட்டால் உங்கள் பிரச்சினையே இந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது. மேலே இருப்பதெல்லாம் வட்டிக் கணக்கு.

8,000 ரூபாய் எப்படி வந்தது என்று பார்த்தேன். வீட்டுத் தவணை, பர்சனல் லோன், கார்டுக்கு மினிமம் 13,000 என்று கழித்தால் மிச்சம் 23,900. அதில் உங்கள் செலவு, நகை வட்டி எல்லாம் போக 8,000. அதாவது வங்கிகள் சாப்பிட்டது போக மீதி மனைவிக்கும் மகளுக்கும். எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள், நீங்கள் மட்டும் அல்ல. ஆனால் சட்டம் வரிசையை நேர் எதிராக வைத்திருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கடனுக்காகக் கோர்ட் உங்கள் சம்பளத்தை ஜப்தி செய்தால், முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. அதே சம்பளத்தை ஜீவனாம்சத் தீர்ப்புக்காக ஜப்தி செய்தால், உங்களுக்குப் பாதுகாப்பு மூன்றில் ஒரு பங்குக்குத்தான். 72,000-ஐச் சம்பளம் என்று வைத்துப் பார்த்தால், கடன்காரன் எட்டக்கூடியது ஏறத்தாழ 23,700, மனைவிக்காக எட்டக்கூடியது 48,000. வங்கியைவிடக் குடும்பத்துக்குக் கை நீளம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், கணவரின் சொத்தில் ஜீவனாம்ச பாக்கிக்குத்தான் முதலிடம், கடன் கொடுத்தவர்கள் அதற்கு அப்புறம்தான் என்று சொல்லியிருக்கிறது.

“எனக்கு இத்தனை தவணை இருக்கிறதே ஐயா” என்று கோர்ட்டில் சொன்னால் நடக்குமா என்றால், பெரும்பாலும் நடக்காது. வருமான வரி, பி.எஃப். மாதிரிக் கட்டாயப் பிடித்தங்களைக் கழித்துக்கொள்வார்கள். நீங்களாக வாங்கிய பர்சனல் லோன் தவணையைக் கழிக்க நீதிபதிகள் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. 2017-ல் ஒரு வழக்கில் கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சூத்திரம் இல்லை, கூடக் குறைய ஆகும். ஆனால் உங்கள் கணக்கில் அது 18,000, குழந்தையின் செலவு தனி. எனவே 8,000 என்ற எண்ணை இப்போதே மறந்துவிடுங்கள். 2020-ல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். இழுத்தடித்தால் பாக்கி ஏறுமே தவிர வேறு லாபம் இல்லை. கட்டாமல் விட்டால் வாரண்ட், சிறை வரை போகும்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. பிரியப்போகிற நேரத்தில் புதிதாக ஒரு கடன் வாங்கிச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டுவது, வண்டியையும் டெபாசிட்டையும் அம்மா பெயருக்கு மாற்றுவது போன்ற யோசனைகளை யாராவது கொடுத்திருப்பார்கள். கோர்ட்டுக்கு இதெல்லாம் பழைய வித்தை. தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. திவாலாகிக் கோர்ட் உங்களைக் கடனிலிருந்து விடுவித்தாலும் ஜீவனாம்ச உத்தரவு மட்டும் கரையாது என்று 1920-ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, இனி கடனுக்கு வருவோம்.

முதலில் கார்டு, ஏனென்றால் ஒழுகுகிற பானை அதுதான். 2.6 லட்சத்துக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 9,100. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,638. ஆக 10,738. நீங்கள் கட்டுகிற 13,000-ல் அசலுக்குப் போவது 2,262 ரூபாய். அதற்குள் மளிகைக்கு 4,000 தேய்த்திருப்பீர்கள். நான்கு வருஷமாகக் கட்டியும் ஏன் குறையவில்லை என்று கேட்டிருந்தீர்களே, இதுதான் காரணம். நாளைக்கே இரண்டு கார்டு வங்கிக்கும் பேசி, பாக்கி முழுவதையும் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 16 சதவீதத்தில் 36 மாதம் கிடைத்தால் மாதம் ஏறத்தாழ 9,140 வரும், அதில் அசலும் அடங்கும். “செட்டில்மெண்ட்” என்று ஒன்றை நைசாக நீட்டுவார்கள், பாதி கட்டினால் போதும் என்பார்கள். வேலையே போய்விட்டால் அது வேறு கதை. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது அதை வாங்காதீர்கள். சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றில், முடிந்த கடன் என்று வராமல், பேரம் பேசி விட்ட கடன் என்று வரும்.

உங்கள் கார்டில் மனைவிக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு இருக்கிறது. அதில் அவர் தேய்ப்பதெல்லாம் உங்கள் கடன்தான், பிரிந்த பிறகும். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மாதக் கடைசியில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில், பின்னால் நான்கு பேர் நிற்க, பெண் குழந்தை கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு இருக்க, கார்டு போகவில்லை என்று தெரிந்துகொள்ளும் மனைவி அடுத்த நாள் நேராக வக்கீல் வீட்டுக்குத்தான் போவார். அவர் கணக்கில் அந்த மாதப் பணத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் கார்டை நிறுத்துங்கள். பாக்கி முடிந்த கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதைச் சொன்னாலே பாதி வேலை நடந்துவிடும்.

இப்போது நகை. உங்கள் நண்பர் சொன்ன யோசனையை எழுதியிருந்தீர்கள்: “நகையை மீட்டு விற்றால் கார்டு, பர்சனல் லோன் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும், தங்கம் விற்கிற விலைக்கு.” கணக்கு சரிதான். ஆனால் நகை உங்களுடையது இல்லை. பிறந்த வீட்டில் போட்டது, திருமணத்தில் வந்தது எல்லாம் சீதனம். அது மனைவியின் தனிச் சொத்து, கணவனுக்கு அதில் பங்கு கிடையாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த கேரள வழக்கு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 89 பவுனோடு வந்த பெண். முதல் ராத்திரியே பத்திரமாக வைப்பதாகச் சொல்லி நகை மாமியார் கைக்குப் போனது, பழைய கடனை அடைக்கப் பயன்பட்டது என்பது அந்தப் பெண்ணின் வழக்கு. கஷ்ட காலத்தில் கணவன் அதை எடுத்து உபயோகித்திருக்கலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு என்று சொல்லி, 25 லட்சம் கொடுக்க உத்தரவிட்டார்கள்.

ஆகவே அந்த 3 லட்சம் வெறும் நகைக் கடன் இல்லை. வங்கிக்கு 3 லட்சம் பாக்கி, மனைவிக்கு 11 பவுன் பாக்கி. பட்டியலில் முதல் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வட்டிக் கணக்கு தெரிந்த யாரைக் கேட்டாலும் நகையைக் கடைசியாக மீட்கச் சொல்வார்கள். கார்டு 42 சதவீதம், பர்சனல் லோன் 14, நகை 9.5, பெரிய வட்டியை முதலில் அடை என்பது பாடம். வங்கியில் இருந்தவரை நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிரிகிற தம்பதிக்கு மட்டும் அதை நான் சொல்வதில்லை. வருமானம் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்த 11 பவுன்தான் பி.எஃப்., அதுதான் வாடகை அட்வான்ஸ், அதுதான் நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு. அது உங்கள் பெயரில் அடகில் இருக்கும்வரை அவர் எந்தப் பேச்சுவார்த்தையிலும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. அடகு ரசீதில் உள்ள தேதியைப் பாருங்கள். வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு வருஷம் தவறினால் ஏலம். பிரியும் சண்டைக்கு நடுவில் அந்த நோட்டீஸ் வந்து, அதை நீங்கள் பிரிக்காமல் மேஜையில் போட்டுவிட்டால், அப்புறம் பரஸ்பர சம்மதம் என்ற வார்த்தைக்கே இடமில்லை.

சரி, இதற்கெல்லாம் பணம்?

ஃபிளாட்டை விற்றுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது, மனைவிக்கும் முதலில் பிடிக்காது. இருந்தாலும் கணக்கைக் கேளுங்கள். 42 லட்சத்துக்குப் போகும் என்கிறீர்கள், வாங்கியது 34 லட்சத்துக்கு. லாபம் 8 லட்சத்துக்கு 12.5 சதவீதம் என்றால் வரி சுமார் ஒரு லட்சம். பணம் முழுக்க நீங்கள் போட்டது என்பதால் லாபம் உங்கள் வரிக் கணக்கில்தான் வரும் என்றே வைத்துக்கொண்டு, ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். புரோக்கர், சில்லறைச் செலவு ஒரு லட்சம். வங்கிக்கு 21. மிச்சம் 19 லட்சம். பத்திரம் இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. பாதி என்றால் ஆளுக்கு 9.5 லட்சம்.

உங்கள் பங்கில் கார்டு 2.6, பர்சனல் லோன் 4.2, அதை முன்கூட்டி முடிக்கக் கட்டணமாக ஒரு 20,000, நகை 3, குழுக் கடன் 40,000. ஆக 10.4 லட்சம். 90,000 துண்டு விழுகிறது, அவ்வளவுதான். மாமனாரின் 2 லட்சத்தையும் சேர்த்தால் 2.9 லட்சம். தவணை எதுவும் இல்லாத 72,000 சம்பளத்தில் மனைவிக்கும் மகளுக்கும் 25,000 கொடுத்து, மாதம் 20,000 ஒதுக்கினால் 15 மாதத்தில் தீர்ந்துவிடும். உங்களுக்கு 27,000 மிச்சம் இருக்கும், அம்மா வீட்டில் வாடகையும் இல்லை. மனைவியின் 9.5 லட்சத்தில் ஒரு ரூபாய் தொட வேண்டியதில்லை.

“முழுப் பணமும் நான் கட்டியது, அவளுக்கு எப்படிப் பாதி?” என்று மனதில் ஓடும். வாதாட முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் பாருங்கள். கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, அந்தப் பணத்தில் சொத்து வாங்கினார். வீட்டு வேலையும் சொத்துக்கான பங்களிப்புத்தான், மனைவிக்குச் சரிபாதி உண்டு என்றது தீர்ப்பு. நீங்கள் ஒன்பது வருஷம் இரவு ஷிஃப்ட் போக முடிந்ததற்கு யார் காரணம் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, பாதிக்குப் பாதி என்று மனதார ஒத்துக்கொண்டால் வழக்குச் செலவில் மிச்சமாகும் தொகையையும் கணக்கில் சேருங்கள்.

விற்க வேண்டாம், ஒருவரே வைத்துக்கொள்கிறோம் என்றால் ஒரு விஷயம் முக்கியம். கணவன் மனைவியாக இருக்கும்போது ஒருவர் பங்கை மற்றவருக்கு விடுதலைப் பத்திரமாகவோ செட்டில்மெண்ட் பத்திரமாகவோ எழுதினால், தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்ற கணக்கில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் குடும்பம் இல்லை. அப்போது கிரயப் பத்திரம் என்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும். 21 லட்சம் பெறுமான பாதிக்கு 1.89 லட்சம். தேதியை மாற்றி வைத்ததற்கு இவ்வளவு அபராதம். அடமானத்தில் இருக்கும் வீடு என்பதால் வங்கி சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மனைவியை வீட்டுக் கடனில் கோ-அப்ளிகண்ட்டாகச் சேர்த்திருக்கிறீர்கள், வருமானமே இல்லாவிட்டாலும். “கடனை நான் கட்டுகிறேன்” என்று விவாகரத்து மனுவில் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், நீதிபதி அதை ஏற்றுக்கொள்ளலாம். வங்கியை அது கட்டுப்படுத்தாது. வங்கியின் கணக்கில் இரண்டு பேரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. நீங்கள் ஒரு தவணை தவறினால் அவருடைய சிபிலும் விழும். பிரிந்து மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் தையல் யூனிட்டுக்குக் கடன் கேட்டு என் மேஜைக்கு வந்தார். முன்னாள் கணவர் வீட்டுக் கடனில் எட்டுத் தவணை பாக்கி. அந்த வீட்டில் அவர் வசிக்கவில்லை, அதில் அவருக்குப் பங்கும் இல்லை, ஆனால் கடனில் பெயர் இருந்தது. நான் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு வழி எனக்கு இல்லை. வீட்டை நீங்கள் வைத்துக்கொள்வதானால், உங்கள் ஒருவர் சம்பளத்தை வைத்துப் புதிதாகக் கடன் மதிப்பிட்டு, அவர் பெயரை எடுத்து, எடுத்ததற்கு வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். அது ஆகும்வரை எதுவும் முடியவில்லை என்று அர்த்தம்.

குழுக் கடனும் அப்படித்தான். “அவள் வாங்கியது” என்கிறீர்கள். எதற்கு வாங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் பைக் என்ஜின் வேலைக்கும், மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும். அவர் கட்டாவிட்டால் அதே தெருவில் இருக்கும் மற்ற பெண்கள் கட்ட வேண்டும். நாளைக்கு அவர் தனியாக வாழப்போவது அந்தப் பெண்களுக்கு நடுவில்தான். 40,000-ஐ உங்கள் கணக்கில் சேருங்கள். மாமனாரின் 2 லட்சத்துக்குப் பத்திரம் இல்லை, கோர்ட்டில் நிற்காது என்பதும் உண்மைதான். அந்தப் பணத்தைப் பற்றி நான் இதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

காலக் கணக்கு: இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மத மனுவுக்கு ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், நீங்கள் நான்கு மாதம்தான் ஆகிறது. மனு போட்ட பிறகு இரண்டாவது தடவை ஆஜராக ஆறு மாதம். 2017-க்குப் பிறகு தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். உங்கள் கையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. “கடனா, பிரிவா, எது முதலில்” என்ற கேள்விக்கு அதனால் பெரிய அர்த்தம் இல்லை. இரண்டும் கூடவே நடக்கும். மகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை ஃபிளாட்டில் இருக்கட்டும், ஏப்ரல், மே வாக்கில் விற்பனை. இரண்டாவது ஆஜருக்கு முன்னால் எந்தக் கடனை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது, வீடு விற்கத் தாமதமானால் இடையில் தவணை யார் கட்டுவது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கடைசிக் கையெழுத்துவரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அதனால்தான் பெரிய தொகையைப் பாதி முதல் ஆஜரில், பாதி இரண்டாவதில் என்று டி.டி.யாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

அதுவரை மாதா மாதம் எப்படி ஓடும்? வீடு 20,700, பர்சனல் லோன் 14,400, தவணையாக மாற்றிய கார்டு 9,140, நகை வட்டிக்கு மாதம் 2,375 எடுத்து வைப்பது, குழு 2,250. மொத்தம் 48,865. மிச்சம் 23,135. இதில் 15,000 மனைவியின் சொந்தக் கணக்குக்கு, ஒவ்வொரு மாதமும் 2-ஆம் தேதி, தானாகப் போகிற மாதிரி வங்கியில் சொல்லி வைத்துவிடுங்கள். குடியிருக்கும் வீட்டின் தவணையும் நீங்களே கட்டுவதால் இப்போதைக்கு இது நியாயம். விற்ற பிறகு 25,000. கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் சாட்சி இருக்காது. உங்களுக்கு 8,000 மிஞ்சும். ஆமாம், அதே 8,000. பெட்ரோல் போட்டு, டீ குடித்து, ஒரு வருஷம் ஓட்டுவது கஷ்டம்தான். அவரிடம் கொடுக்க நினைத்த தொகை என்பதால் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நன்றாகவே புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு பேருடைய கடன் அறிக்கையையும் எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்குமே வருஷத்துக்கு ஒன்று இலவசமாகக் கொடுக்க வேண்டும். யார் யாருக்கு ஜாமீன் போட்டிருக்கிறோம் என்பதும் அதில் தெரியும். வங்கியில் இல்லாத சீட்டு, கைமாத்து இரண்டையும் தனித்தாளில் எழுதுங்கள். அவருக்கென்று ஒரு வக்கீல் இருக்கட்டும். வருமான வரம்பு பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்கு போன் செய்தாலும் சொல்வார்கள். உங்கள் வக்கீலே இரண்டு பேருக்கும் பார்த்துக்கொள்வார் என்பது சிக்கனமாகத் தெரியும். பின்னால் “ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்” என்ற வழக்கு அங்கிருந்துதான் முளைக்கும்.

உங்கள் மனைவி பி.காம். படித்து மூன்று வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர் என்று சொன்னீர்கள். கோவையில் டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் தெரிந்தவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு முதல் சம்பளம் சின்னதாகத்தான் இருக்கும். டேலியும் ஜி.எஸ்.டி.யும் படிக்க ஆகும் கட்டணத்தை நீங்கள் இப்போதே கட்டுங்கள், ஜீவனாம்சத்தில் கழிக்காமல். கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் விவாகரத்துக்குப் பிறகு அவர் இருக்க முடியாது, மகள் இருக்கலாம். அவருக்குத் தைராய்டு இருக்கிறது என்றால் தனி பாலிசியை இப்போதே எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம்வரை காத்திருக்க வைப்பார்கள், அந்தக் கடிகாரம் சீக்கிரம் ஓட ஆரம்பிக்கட்டும். பி.எஃப்., இன்சூரன்ஸ் நாமினி எல்லாம் தானாக மாறாது, அதையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

நகையை மீட்கும் நாளில் மனைவியையும் கூட்டிப் போகவா, சங்கடமாக இருக்குமே என்று கேட்டிருந்தீர்கள். கூட்டிப் போங்கள். கையெழுத்துப் போட்டு அடகு வைத்தவர் நீங்கள், எனவே நீங்கள் போகாமல் கொடுக்க மாட்டார்கள். நகை யாருடையது என்பது அவருக்குத்தான் தெரியும், எனவே அவர் இல்லாமல் வாங்கக் கூடாது. என் கிளையில் ஒரு தம்பதி இப்படி வந்தது ஞாபகம் இருக்கிறது. பிரிவதற்கு முந்தைய வாரம். பையைப் பிரித்துத் தராசில் கொட்டினேன். கணவர் ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, ஜிமிக்கியின் திருகு இருக்கிறதா, தாலிக்கொடியில் காசும் குண்டும் எத்தனை, கல் விழுந்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் அவசரப்படவே இல்லை. எல்லாம் சரி என்று ஆனதும் கொண்டு வந்திருந்த டிபன் பாக்ஸில் போட்டு மூடினார். கணவர் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். பொருள், எடை, தேதி எழுதி, இன்னார் பெற்றுக்கொண்டார் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஜெராக்ஸ் மெஷினில் ஒரு நகல் எடுத்து ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். நீங்களும் அதே மாதிரி செய்யுங்கள். தாள் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், இப்போதெல்லாம் கவுண்டரில் கொடுப்பதில்லை.